அருவியில் குளிக்கக் கூடாது

போன வாரம் மகாலட்சுமி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு அவசரப் பிரிவில் என் இடத்துக்கு வந்த நர்ஸ். எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டாள். அதனாலேயே அவளை எனக்குப் பிடிக்கும்.

"சிஸ்டர், இங்கன எல்லாம் கம்ப்யூட்டர் ஆயிட்டு. டிஸ்சார்ஜ் சீட்டைக்கூட அதுவே அடிச்சுக் குடுத்துருது. பழைய டிராயரக் காலி பண்ணச் சொல்லிட்டாவ. உள்ள ஒரு ரப்பர் ஸ்டாம்ப் கிடக்கு. 'அருவியில் குளிக்கக் கூடாது'ன்னு இருக்கு. கீழ ஒரு கோடு, கோட்டுக்குப் பக்கத்துல 'வரை'ன்னு ஒரு வார்த்தை. தூரப் போட்டுரவா?"

"போட்டுராதட்டி. எடுத்து வை. நான் வந்து வாங்கிக்கிடுதேன்."

"அந்தக் கோடு எதுக்கு சிஸ்டர்?"

தேதி எழுத என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். அடுப்பில் பால் இருக்கிறது என்று பொய் சொல்லி போனை வைத்துவிட்டேன். அவள் கேட்டதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் இருந்த ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரி. பாளையங்கோட்டையில் மூன்று வருடம் நர்ஸிங் படித்தேன். அதில் கற்றது இரண்டு: கட்டில் விரிப்பைச் சுருக்கமில்லாமல் மடிப்பது, பெரியவர்கள் திட்டும்போது முகத்தை மாற்றாமல் நிற்பது. கல்யாணம் ஆகி, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து ஊரான மேலகரம் வந்தேன். வந்த ஆறாவது மாதம் வேலையில் சேர்ந்தேன், அறுபது வயது வரை அங்கேயே இருந்தேன். மீதிப் படிப்பெல்லாம் அங்கே வந்து படுத்தவர்கள் சொல்லிக் கொடுத்ததுதான்.

ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களைப் பார்த்தாலே ஊர் நிலவரம் தெரிந்துவிடும். சாரல் நன்றாக அடித்தால் வாசலில் ஈரத்துண்டுகள். வழுக்கி விழுந்தவர்கள், குரங்கிடம் கடி வாங்கியவர்கள், அப்புறம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள். இந்தக் கடைசி வகையின் கதை பெரும்பாலும் ஒன்றுதான். எங்கிருந்தோ வேன் பிடித்து வந்திருப்பார்கள். செங்கோட்டை பக்கம் கேரள பார்டர் கடைகளுக்குப் போய், பரோட்டாவும் கோழியும் மூச்சு முட்டச் சாப்பிட்டு, லாட்ஜுக்குத் திரும்பியதும் படுத்திருப்பார்கள். விடிந்ததும் நெஞ்சுக்கு நடுவே எரிச்சல், அழுத்தம், சிலருக்குத் தொண்டை வரை ஏறும் வலி. "மேடம், ஹார்ட் அட்டாக்" என்று அவர்களே சொல்லிக்கொண்டு வருவார்கள். பலருக்கு வயிற்று அமிலம் உணவுக்குழாயில் மேலேறியிருக்கும். சிலருக்கு நிஜமாகவே இதயம்தான். முகத்தைப் பார்த்துப் பிரிக்க முடியாது. பிரித்துவிட்டதாக நினைத்த அன்றைக்குத்தான் மோசம் போவோம்.

அதனால் யார் வந்தாலும் முதலில் ஈசிஜி. இதில் எங்கள் ஊருக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. குற்றாலத்துக்கு வருகிறவன் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வருவான். அந்தக் காலத்து ஈசிஜி மெஷினில் நெஞ்சில் பொருத்துவதற்கு ரப்பர் குமிழ் வைத்த கப்புகள் இருந்தன. குமிழை அமுக்கி வைத்தால் தோலைக் கவ்விக்கொள்ள வேண்டும். எண்ணெய் நெஞ்சில் அது எங்கே கவ்வும்? ஒன்றை வைத்தால் இன்னொன்று வழுக்கி விழும். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, நெஞ்சைச் சட்டி தேய்க்கிற மாதிரி தேய்த்த பிறகுதான் ஜெல்லி தடவி கப்பை வைப்பேன். "கூச்சமா இருக்கு சிஸ்டர்" என்று நெளிகிறவர்களிடம், "எண்ணெய் தேய்ச்சவன்ட்ட இந்தக் கூச்சம் இல்லியோ?" என்று கேட்பேன். வாய் கொஞ்சம் நீளம்தான் எனக்கு.

ஈசிஜி சரியாக இருந்தாலும், மறுபடி பார்க்கும் வரை அருவிப் பக்கம் போக வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்லித்தான் அனுப்புவார்கள். யார் கேட்டார்கள்? வாசலைத் தாண்டியதும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அருவிக்குப் போகிற ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிடுவார்கள். "இம்புட்டுத் தூரம் வந்துட்டுக் குளிக்காமப் போறதா?" ஒருவர் என் கண் முன்னாலேயே அப்படி ஆட்டோ ஏறிப் போனார். அன்று எனக்கு ஒரு யோசனை வந்தது. தென்காசிக் கோயில் பக்கம் ஒரு கடையில் ரப்பர் ஸ்டாம்ப் செய்யச் சொன்னேன். 'அருவியில் குளிக்கக் கூடாது.' நல்ல தடித்த எழுத்து, சிவப்பு மை. டாக்டர்கள் சிரித்தார்கள், ஆனால் ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நெஞ்சுவலி என்று வந்துபோன ஒவ்வொருவர் சீட்டிலும் அந்த சீல் விழுந்தது. ஒரு பக்கமும் கோணாமல், மை பரவாமல் குத்துவதில் எனக்குப் பெருமை வேறு.

அப்படி நான் சீல் குத்தி அனுப்பியவர்களில் ஒருவர் சுடலைமுத்து. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். மெயின் அருவிக்குப் போகும் பாதையில் ஒரு கொட்டகை, அதில் ஒரு பெஞ்சு, அதுதான் அவருடைய தொழில். முதல் தடவை வந்தபோது நாற்பது வயது இருக்கும். விடிகாலையில் நெஞ்சு எரிந்து, வேர்த்து, பயந்துபோய் மனைவியோடு வந்திருந்தார். அவர் நெஞ்சைத் துடைக்க எனக்கு அரை பாட்டில் ஸ்பிரிட் ஆனது. இருபது வருட எண்ணெய் தோலுக்குள்ளேயே ஊறியிருந்தது. ஈசிஜி சரியாக இருந்தது. சில மணி நேரம் வைத்திருந்து மறுபடி எடுத்தோம், அதுவும் சரியாக இருந்தது. இளம் டியூட்டி டாக்டர் சீட்டில் ஆங்கிலத்தில் நாலு வரி கிறுக்கினார். நான் சீலைக் குத்தி, மாத்திரையைக் கையில் கொடுத்து, "அடுத்தது யாரு?" என்றேன். வெளியே கூட்டம் நெருக்கியடித்தது. அவருடைய மனைவி பேச்சியம்மாள் சீட்டை வாங்கி, மை காய்வதற்காக வாயால் ஊதிக்கொண்டே போனது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

ஒன்பது வருடம் கழித்துத்தான் அவரைத் திரும்பப் பார்த்தேன்.

அதற்குள் எங்கள் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் ஜெபராஜ் வந்திருந்தார். அவரைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். ஆள் நல்ல உயரம், குரல் கேட்டால் குழந்தைக்குத் தூக்கம் வரும். நோயாளியை நின்றுகொண்டு பார்க்கவே மாட்டார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, கட்டிலுக்குச் சமமாக உட்கார்வார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேல்பையில் போட்டுக்கொள்வார். "வலி எங்கன்னு வாயால சொல்ல வேண்டாம், கையால காட்டுங்க" என்பார். காட்டிய பிறகு உடனே பேச மாட்டார். அந்த நேரத்தில் எதிரில் இருப்பவர் தானாகவே மீதியைச் சொல்லிவிடுவார். எப்போது சாப்பிட்டது, எப்போது படுத்தது, குனிந்தால் என்ன ஆகிறது, மாடி ஏறினால் என்ன ஆகிறது என்று கேட்டுக்கொண்டே போவார்.

நாங்கள் யாராவது "வெறும் கேஸ்தான்" என்று சொன்னால் மட்டும் அவருக்குப் பிடிக்காது. "சிஸ்டர், அவருக்கு வலிச்சது வெறும் வலி இல்லியே" என்பார். நெஞ்சுக்குள் இதயமும் உணவுக்குழாயும் பக்கத்து வீட்டுக்காரர்கள், எந்த வீட்டில் சத்தம் என்று தெருவில் நிற்கிறவனுக்குத் தெரியாது, இரண்டு கதவையும் தட்டித்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. எத்தனை தடவை கேட்டாலும் அலுக்காது எனக்கு. அவருக்குப் பக்கத்தில் ஈசிஜி தாளைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் காலைகளுக்காகத்தான் இப்போதும் ஏங்குகிறேன். ஓய்வு பெற்ற பிறகு யாரும் என்னிடம் வலியைக் கையால் காட்டுவதில்லை.

ஒரு சீசன் காலையில் வெளியூர்க்காரர் ஒருவர், இடுப்பில் துண்டோடு, உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, இன்னொருவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தார். நான் அந்தத் துண்டுக்காரரைத்தான் கட்டிலில் படுக்கச் சொன்னேன். "எனக்கில்ல சிஸ்டர், இவருக்கு! எனக்கு எண்ணெய் தேய்ச்சுக்கிட்டே இருந்தாரு, திடீர்னு நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு" என்றார். சட்டையைக் கழற்றி ஸ்பிரிட்டில் துடைக்கத் தொடங்கியதும் சுடலைமுத்து என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முகம் மறந்திருந்தது, நெஞ்சு மறக்கவில்லை.

ஈசிஜி ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் சட்டைப்பையைக் காட்டி எடுக்கச் சொன்னார். பிளாஸ்டிக் கவரில் நாலாக மடித்த ஒரு சீட்டு. மடிப்பெல்லாம் கிழிந்து, எண்ணெய் ஏறிக் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. டாக்டர் எழுதியது மங்கிவிட்டது. சிவப்பு சீல் மட்டும் அப்படியே இருந்தது. நேராக, கோணாமல்.

டாக்டர் ஜெபராஜ் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"எத்தனை வருஷமா இந்த வலி?"

"ஒம்பது வருசமா வந்து வந்து போவுது சார். எனக்கு ஹார்ட்டு சார். சீட்டுல போட்டிருக்கு."

"எப்ப வரும்?"

"குனிஞ்சு தேய்க்கும்போது வரும். சாப்பிட்டுட்டுப் படுத்தா வரும். பாதி நாளு சொவத்துல சாஞ்சு உக்காந்துதான் தூங்குதேன்."

"செண்பகாதேவி அருவிக்கு ஏறியிருக்கீங்களா?"

"வருசா வருசம் சித்ரா பௌர்ணமிக்குக் கோயிலுக்கு ஏறுவேம்லா சார்."

"ஏறும்போது வலிக்குமா?"

அவர் யோசித்தார். இந்தக் கேள்வியை ஒன்பது வருடத்தில் யாரும் கேட்கவில்லை, அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "இல்லியே சார்" என்றார் மெதுவாக. "ஏறும்போது ஒரு நாளும் வலிச்சதில்ல."

டாக்டர் என்னைப் பார்த்தார். மலை ஏறினால் வராத வலி, குனிந்தால் வருகிறது. ஆனால் அதை மட்டும் வைத்து அவர் எதையும் முடிவு செய்துவிடவில்லை. இரண்டாவது ஈசிஜி, ரத்தப் பரிசோதனை, அதன் பிறகு திருநெல்வேலிக்கு அனுப்பி எக்கோ, டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்தது, வாய் வழியாகக் குழாய் விட்டு உணவுக்குழாயைப் பார்த்தது எல்லாம் நடந்தன. பத்து நாளில் முடிவுகள் வந்தன. இதயத்தில் குறை எதுவும் தெரியவில்லை. உணவுக்குழாயின் அடியில் அமிலம் பட்டுப் பட்டுப் புண்ணாகியிருந்தது.

முடிவைச் சொன்ன அன்றைக்கு நானும் அறையில் இருந்தேன். "சுடலைமுத்து, உங்க இதயம் நல்லா இருக்கு" என்றார் டாக்டர். காலையில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் மாத்திரை, இரவுச் சாப்பாட்டை முன்னதாக முடிப்பது, சாப்பிட்டு மூன்று மணி நேரம் படுக்காமல் இருப்பது, கட்டிலின் தலைமாட்டை உயர்த்துவது, வயிறு நிறைந்திருக்கும்போது குனிந்து தேய்க்காமல் இருப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். "ஆனா இனிமே எப்ப நெஞ்சு வலிச்சாலும் இது வயிறுதான்னு நீங்களா முடிவு பண்ணக் கூடாது. நேரா இங்க வரணும்" என்றும் சொன்னார்.

அப்படியொரு செய்தி கேட்டவர்கள் கும்பிடுவார்கள், சிலர் அழுவார்கள். சுடலைமுத்து ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப, அன்னைக்கே இல்லியா சார்?"

"எது?"

"ஹார்ட்டு. அன்னைக்கு சீல் போட்டாவல்லா. அன்னைக்கும் எனக்கு ஒண்ணும் இல்லியா?"

டாக்டர் மழுப்பவில்லை. "இருந்திருக்காதுன்னுதான் தோணுது" என்றார்.

"பேச்சி குளிக்காமலே போயிட்டா சார்" என்றார் சுடலைமுத்து.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேருக்கும் சீசனில் தினமும் அருவிதான். கொட்டகையைத் திறப்பதற்கு முன்னால் விடியலில் போய், இவர் ஆண்கள் பக்கம், அவள் பெண்கள் பக்கம். சீல் விழுந்த பிறகு அவர் போகவில்லை. அவளும் நிறுத்திவிட்டாள். "நீ போயேன் ஏட்டின்னு சொன்னேன் சார். நீங்க நிக்காத தண்ணியில எனக்கென்ன குளிப்புன்னுட்டா." அருவிச் சத்தம் கேட்கிற வீட்டில், சாரல் முகத்தில் அடிக்கிற கொட்டகையில், ஊரார் உடம்புக்கெல்லாம் எண்ணெய் தேய்த்து அருவிக்கு அனுப்பிக்கொண்டு, இரண்டு பேரும் குழாய்த் தண்ணீரில் குளித்திருக்கிறார்கள். பேச்சியம்மாள் இரண்டு வருடத்துக்கு முன்னால் காய்ச்சலில் இறந்துவிட்டாள்.

டாக்டர் அந்தப் பழைய சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மங்கிய ஆங்கில எழுத்தில், பத்து நாள் கழித்து வந்து காட்டவும் என்று இருந்தது. அந்தக் காகிதத்தில் தமிழில் இருந்தது என் சீல் மட்டும்தான். சுடலைமுத்துவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும்.

"சிஸ்டர், இந்த சீல் யாரு போட்டது?"

"நான்தான் சார்."

"எதுவரைக்கும்னு போட்டீங்க?"

டாக்டர் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன், பழக்கம் உண்டு. ஆயிரம் சீட்டில் குத்தியிருப்பேன், ஒருவரிடமும் எதுவரைக்கும் என்று சொன்னதில்லை. வெளியூர்க்காரன் எப்படியும் நாலு நாளில் ஊருக்குப் போய்விடுவான், அவனுக்கு அது போதும். குற்றாலத்திலேயே இருக்கிறவர் எதுவரைக்கும் குளிக்காமல் இருப்பார் என்று நான் யோசிக்கவே இல்லை.

சுடலைமுத்து முன்னால் போய் நின்றேன். "அண்ணாச்சி, தப்பு என்னுதுதான். பத்து நாளுதான் அது. நான் சொல்லாம விட்டுட்டேன்" என்றேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். சீட்டைத் திரும்ப வாங்கி, அதே மடிப்பில் மடித்து, அதே கவரில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டார். "நீங்க நல்லதுக்குத்தானம்மா போட்டிய" என்றார்.

மறுநாளே அதே கடைக்குப் போய்ப் புது ஸ்டாம்ப் செய்தேன். கீழே ஒரு கோடு, 'வரை.' கோட்டில் தேதி எழுதி, வாயாலும் சொல்லி, வந்தவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகுதான் சீட்டைக் கையில் கொடுப்பேன். மகாலட்சுமி, நீ கேட்ட கோடு இதுதான். கம்ப்யூட்டரிடம் இந்தக் கோடு இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் பேனாவால் எழுது.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் மனசு திரும்பத் திரும்பப் போய் நிற்பது இதற்கு அடுத்த வருடத்தில்தான்.

அந்த வருடம் ஆனி பிறப்பதற்கு முன்பே சாரல் பிடித்துவிட்டது. சுடலைமுத்து ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். வலி குறைந்து, படுத்துத் தூங்குகிறாராம். முகம் தெளிந்திருந்தது.

"தண்ணி நல்லா விழுது சிஸ்டரம்மா. மூணு நாளா பாதி வழி போய்ப் போய்த் திரும்பி வாரேன். கால் போவ மாட்டேங்குது. நீங்க போட்ட சீலு. நீங்க கூட வந்தியன்னா போயிருவேன்."

மறுநாள் விடிந்ததும் போனேன். இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்தும் அருவியில் நின்று எனக்கே வெகு காலம் ஆகியிருந்தது. அவர் ஆண்கள் பக்கம் போனார். தண்ணீருக்கு ஒரு அடி தள்ளி நின்று திரும்பி என்னைப் பார்த்தார். சத்தத்தில் பேச்சு கேட்காது. போங்க என்று கையைக் காட்டினேன். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். வெள்ளைத் தண்ணீரில் அவர் தெரியாமல் போனதும் நானும் பெண்கள் பக்கம் போய் நின்றேன். தலையில் இறங்கிய அடியில் எனக்கு அழுகை வந்தது. அங்கே யாருக்குத் தெரியப்போகிறது? நன்றாக அழுதுவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

பெண்கள் வெளியே வரும் படிப்பக்கம் சுடலைமுத்து நின்றுகொண்டிருந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது, அதைத் துவட்டவில்லை. கையில் ஒரு காய்ந்த துண்டை மடித்து வைத்துக்கொண்டு, வெளியே வருகிற ஒவ்வொரு பெண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்காகத்தான் நிற்கிறார் என்று நினைத்துக் கிட்டே போனேன். என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டு, துண்டைப் பின்னால் கொண்டுபோனார்.

"பழக்கம் சிஸ்டரம்மா" என்றார். "நான் சட்டுனு வந்துருவேன். அவ எப்பவும் பிந்தித்தான் வருவா."

எனக்கு டியூட்டிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. வாங்க போவோம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"செத்த நேரம் நிப்பமா?" என்றார்.

"நிப்போம் அண்ணாச்சி" என்றேன். அவர் பக்கத்தில் நின்றேன். எதுவரைக்கும் என்று கேட்கவில்லை.